கடற்கரையில ஒரு பாதிப் பூ: இது என்ன செடி, மலைநாட்டுல வருமா?

2023 ஏப்ரல் 17 (கேள்வி, பண்டாரவளையில இருந்து ஒரு அக்கா கேட்டது)

புத்தாண்டு லீவுக்கு மாத்தறைப் பக்கம் போனோம். தென்னை வரிசைக்கு முன்னால, வெறும் மணல்ல இடுப்பளவு புதர். இலை தடிப்பா பளபளன்னு அகப்பை மாதிரி. பூ வெள்ளை, ஆனா பாதிதான் இருக்கு. மேல் பாதிய யாரோ பிச்சிட்ட மாதிரி. ஒண்ணு ரெண்டு இல்ல, செடி பூரா அப்படித்தான். பூச்சி தின்னுதா? நோயா? ரெண்டு குச்சி ஒடிச்சிக்கிட்டு வந்திருக்கேன், இங்க நட்டா வருமா?

2023 ஏப்ரல் 17, ராத்திரி

பூச்சியும் இல்ல நோயும் இல்ல அக்கா, பூவே அப்படித்தான். நுவரெலியாவுல பூக்கன்னு விக்கிற இடத்துல தொங்குற சட்டியில ஊதாவா விசிறி மாதிரி ஒண்ணு வச்சிருப்பாங்க, அதேதான் இது, வெள்ளைக் கலர். தாராளமா வரும். கேள்வி முடிஞ்சிது.

2023 ஏப்ரல் 18

முடியல. நேத்து நான் எழுதினதுல முக்கால்வாசி பிழை. தூக்கக் கலக்கத்துல பெரிய ஆள் மாதிரி பதில் போட்டா இப்படித்தான்.

தொங்குற சட்டியில இருக்கிற ஊதா விசிறிப்பூ அவுஸ்திரேலியாக்காரன். ஸ்கேவோலா ஏமுலா. அக்கா பாத்தது அதே ஸ்கேவோலா பேரினத்து ஆள், ஆனா வேற இனம், ஸ்கேவோலா டக்கடா. இது யாரும் கொண்டு வந்து வச்ச செடி இல்ல, நம்ம கரையோரத்துச் சொந்தச் செடி. சிங்களத்துல தக்கடன்னு சொல்றாங்க, விஞ்ஞானப் பேருல இருக்கிற டக்கடாவும் அந்தச் சொல்லுதான். உலகம் பூரா, ஆப்பிரிக்காவோட கிழக்குக் கரையில இருந்து ஹவாய் வரைக்கும், இந்தச் செடிய எழுதுறவன் எவனும் இந்தத் தீவுல பேசுற ஒரு வார்த்தைய எழுதித்தான் ஆகணும். நம்ம பக்கத்துல ஒருத்தருக்கும் செடியே தெரியாது. நானும் மாத்தறையில மச்சான் வேலை செய்ற கடைக்குப் போறப்ப பத்துத் தடவையாவது தாண்டிப் போயிருக்கேன், ஏதோ பத்தைன்னு நெனச்சேன்.

தக்கடிக்கும் தக்கடவுக்கும் கொழப்பிக்காதீங்க. சிங்களத்துல தக்கடின்னா அயோக்கியன். பஸ்ஸுல சத்தமா செடி பேரு சொல்லி மொறைப்பு வாங்கினவன் சொல்றேன்.

2023 ஏப்ரல் 23

பேரு கதை இன்னும் இருக்கு. 1788 ல கேர்ட்னர்னு ஒரு ஜெர்மன்காரர்தான் முதல்ல இதுக்குப் பேரு வச்சவர், அவரு வச்சது லொபேலியா டக்கடா. அப்புறம் 1814 ல கல்கத்தாத் தோட்டத்துல இருந்த ராக்ஸ்பரோ அத ஸ்கேவோலாவுக்கு மாத்திட்டாரு. லொபேலியாங்கிற வார்த்தைய ஞாபகம் வச்சிக்கோங்க, பின்னாடி வேலை இருக்கு. (அப்ப எனக்குத் தெரியாது. இந்த வரிய 2024 ஜனவரியில வந்து சேத்தேன்.)

ஸ்கேவோலான்னா லத்தீன்ல இடக்கைக்காரன். ரோம்ல முசியஸ்னு ஒருத்தன், எதிரி ராஜாவக் கொல்லப் போயி மாட்டிக்கிட்டு, எனக்கு வலிக்குப் பயமில்லன்னு காட்ட வலது கைய நெருப்புல விட்டானாம். அதுக்கப்புறம் இடக்கை ஒண்ணுதான், பேரும் அதுவே. பூவப் பாத்தா அஞ்சு விரல விரிச்சி நீட்டின ஒத்தக் கை மாதிரி இருக்கும், அதுக்குத்தான் இந்தப் பேரு. லின்னேயஸ் 1771 ல வச்சாரு. வெத்தலை வாங்க நீட்டின கை மாதிரி இருக்குன்னு எங்கம்மா சொல்லுச்சி, எனக்கு அதுதான் சரியாப் படுது.

2023 மே 9

மச்சான் வந்தாரு. ஒரு சொப்பிங் பேக் நிறைய குச்சியும் பூவும் காயும்.

நான் தலவாக்கலையில போன் ரிப்பேர் பண்றவன். போர்டு பாக்குற லூப், அதாவது பூதக்கண்ணாடி, கையில இருக்கு, பூவ அதுக்கடியில வச்சேன். கடையில ரெண்டு பேர் போனுக்குக் காத்துக்கிட்டு நின்னாங்க, நிக்கட்டும்.

பூ ஒரு குழாய். குழாயோட முதுகுல மேல இருந்து அடி வரைக்கும் ஒரு வெட்டு, யாரோ பிளேடால கீறின மாதிரி நேரா. அந்த வெட்டால குழாய் விரிஞ்சி அஞ்சு இதழும் ஒரே பக்கமா சாஞ்சிடுது. அஞ்சும் இருக்கு அக்கா, எண்ணிப் பாருங்க, ஒண்ணும் கொறையல. பாதிங்கிறது நம்ம கண்ணுக்குத்தான். வெள்ளையில நடு நடுவே ஊதாக் கீத்து, தொண்டைக்குள்ள ரோமம்.

அந்த வெட்டுக்குள்ள இருந்து ஒரு காம்பு எழும்பி, கழுத்த வளச்சி கீழ பாத்துக்கிட்டு நிக்குது. அதோட நுனியில ஒரு குட்டிக் கிண்ணம். கிண்ணத்து வாயோரமா ரோமம், பல் விளக்குற பிரஷ் மாதிரி. நடக்குறது என்னன்னா, மொட்டா இருக்கிறப்பவே மகரந்தம் பூரா அந்தக் கிண்ணத்துக்குள்ள கொட்டிடுது. பூ விரியுறப்ப கிண்ணத்து வாய் மூடிக்குது, உள்ள சூல்முடி மெதுவா வளந்து மகரந்தத்த வெளிய தள்ளுது, கீழ தேனுக்கு நுழையுற தேனீ முதுகுல அந்தத் தூள் பூசிடும். தூள் தீந்ததுக்கு அப்புறம்தான் சூல்முடியே வெளிய தலை காட்டுது, இப்ப அது வேற பூவோட தூள வாங்குற மொறை. முதல்ல குடுக்கும், அப்புறம் வாங்கும், ரெண்டும் ஒரே எடத்துல. ஊசி முனையால கிண்ணத்த அமுக்கினேன், மஞ்சளா ஒரு துளி வந்துச்சி.

காய் வெள்ளை, சுண்டைக்காய் அளவு, சாறு நிறைய. அதுக்குள்ள கொட்டைய சுத்தி தக்கை மாதிரி ஒண்ணு. மிதக்குறதுக்கு. கடல்ல மாசக்கணக்குல மிதந்து போயி வேற தீவுல கரை ஒதுங்கி முளைக்குது, உப்புத் தண்ணி அத ஒண்ணும் பண்றதில்ல. நாலு காய ஹோர்லிக்ஸ் போத்தல்ல உப்புத் தண்ணியில போட்டு மேசையில வச்சிருக்கேன்.

குச்சி ஆறு. ஆத்து மணலும் தோட்டத்து மண்ணும் பாதிக்குப் பாதி, தயிர்ச் சட்டியில நட்டாச்சு.

2023 மே 10

ஹெல்மட் பரிசோதனை. ஹவாயில முக்குளிக்கிறவங்க கண்ணாடிக்கு ஆவி பிடிக்காம இருக்க இந்தக் காய்ச் சாற உள்பக்கமா பூசுறாங்களாம். ஆவின்னா நமக்குச் சொல்லியா தரணும்? காலையில நானுஓயாவுல இருந்து றதல்லைப் பக்கம் பைக்குல வந்தா முன்னால போற லொறியோட சிவப்பு லைட்டு மட்டும்தான் தெரியும். ரெண்டு காய நசுக்கி ஹெல்மட் கண்ணாடிக்கு உள்ள பூசிட்டுக் கிளம்பினேன். முதல் பத்து நிமிஷம் அருமை. கண்ணாடி போட்டதே தெரியல. அப்புறம் சாறு காஞ்சி பிசுபிசுன்னு ஒட்டி, அதுல ஒரு கொசு ஒட்டி, அந்தக் கொசுவப் பாத்துக்கிட்டே தலவாக்கலை வரைக்கும் வந்தேன். கடலுக்கடியில அலசிக்கலாம், பைக்குல அலச முடியாது. கைக்குட்டை போதும்.

2023 ஜூன் 4

உப்பு சொன்ன தம்பி எங்க? "கடற்கரைச் செடிக்கு உப்பு வேணும் அண்ணே, ஒரு கரண்டி கரைச்சி ஊத்துங்க"ன்னு இங்க ஒரு புண்ணியவான் எழுதினாரு, நானும் ரெண்டு குச்சிக்கு ஊத்தினேன். ரெண்டும் கருகிப் போச்சு.

யோசிச்சுப் பாத்தா என் மேலயும் பிழைதான். உப்பத் தாங்குறது வேற, உப்பு கேக்குறது வேற. கடற்கரையில வேற எவனும் நிக்க முடியாததால இது நிக்குது. தடிச்ச இலை, அதுமேல மெழுகு பூசின மாதிரி பளபளப்பு, எல்லாம் உப்புக் காத்துல இருந்து தப்பிக்கிற வேலை. நல்ல தண்ணி கிடைச்சா வேணாம்னா சொல்லப் போகுது? அதுவும் வேரே விடாத குச்சிக்கு உப்புத் தண்ணி ஊத்துறது, பொறந்த பிள்ளைக்குக் கருவாடு குடுக்குற மாதிரி (இது அம்மா சொன்னது).

2023 ஜூலை 16

மழை தொடங்கி ஆறு கிழமை. தலவாக்கலை மழை தெரிஞ்சவங்களுக்குத் தெரியும், துணி காயாது, தீப்பெட்டி பத்தாது. நாலு குச்சியில மூணு அடியில கறுத்து, தொட்டா சேறு மாதிரி வருது. ஒண்ணு மட்டும் ரெண்டு இலையோட மொறைச்சிக்கிட்டு நிக்குது.

பண்டாரவளை அக்கா, உங்களோடது என்னாச்சு? இங்க ஒரு வார்த்தையும் காணோம்.

2023 ஜூலை 17

அக்கா பதில் போட்டிருக்காங்க. அவங்களோடது ரெண்டும் தளிர் விட்டுடுச்சாம்! கோவமா வந்துச்சி, அப்புறம் யோசிச்சேன். மலைநாடுன்னு ஒரே சொல்லுல சொல்றோம், ஆனா மழை ரெண்டு பக்கம். எங்களுக்குத் தென்மேற்குல கொட்டுற இதே மாசத்துல பண்டாரவளை இருக்கிற ஊவாப் பக்கம் கச்சான் காத்து வரண்டு அடிக்குது, அங்க மழை பெரும்பாலும் வருஷக் கடைசியிலதான். அவங்க குச்சிக்கு நல்ல வெயிலும் காத்தும், என் குச்சிக்கு ஈரச் சாக்கு. "மலையில வருமா"ன்னு கேட்டதே பிழையான கேள்வி. எந்த மலையில, எந்த மாசத்துலன்னு கேட்டிருக்கணும்.

2023 ஓகஸ்ட் 2

கடைசிக் குச்சியும் போச்சு. அது மழையால இல்ல, எங்க வீட்டு அக்கா மகன் அத பிடுங்கி வேர் வந்திருக்கான்னு பாத்துட்டு திரும்ப நட்டிருக்கான். ரெண்டு தடவை. வேர் வந்திருந்துச்சாம் மாமா, அப்படின்னான்.

ஹோர்லிக்ஸ் போத்தல் காய் எல்லாம் மிதந்துக்கிட்டுத்தான் இருக்கு. சதை அழுகிப் போயி கொட்டை மட்டும். நாத்தம் தாங்காம அம்மா வெளிய வச்சிடுச்சி.

2023 ஓகஸ்ட் 20

பாதிப் பூவுக்கு ஹவாயில ஒரு கதை இருக்கு, செடி செத்த துக்கத்துல தேடிப் படிச்சது. அங்க இதுக்குப் பேரு நௌபாக்கா. பேரு அந்தப் பொண்ணோடதுதான், ராஜா வீட்டுப் பொண்ணு. பையன் சாதாரண ஆள். சேர விடல. பிரியுறப்ப அவ காதுல வச்சிருந்த பூவ எடுத்து ரெண்டாக் கிழிச்சி ஒரு பாதிய அவன் கையில குடுத்துட்டு மலைக்குப் போயிட்டா, அவன் கடற்கரையிலயே நின்னுட்டான். அன்னையில இருந்து கரையில பூக்குறதும் பாதி, மலையில பூக்குறதும் பாதி. கதைய வேற மாதிரியும் சொல்றாங்க, ஆனா கிழிச்ச பூ மாறாது.

தொரை வீட்டுப் பொண்ணுக்கும் கொழுந்து மலையில நிக்கிறவனுக்கும்னு இதே கதை எங்க தோட்டத்துலயும் நாலு இருக்கு, பூவுதான் கிடையாது.

விஷயம் என்னன்னா அது கதை மட்டும் இல்ல. ஹவாயில உண்மையாவே மலையில வளருற ஸ்கேவோலா இருக்கு, வேற எங்கயும் இல்லாத இனங்கள். கரையில இருக்கிறதுக்குக் காய் வெள்ளை, தக்கையோட, கடல்ல போக. மலையில இருக்கிறதுக்குக் காய் கருநீலம், குருவி தின்னு பரப்புறதுக்கு. மலைக்கு ஏறினவனுக்குத் தக்கை எதுக்கு?

அப்ப நம்ம மலையில? ஒரு ஸ்கேவோலாவும் கிடையாது. கரையில இருக்கு, மலையில இல்ல. கதையில பாதி நம்மகிட்ட காணோம்.

2023 ஓகஸ்ட் 21

ஒருத்தர் தனியா எழுதி, அழகான செடின்னா ஊரெல்லாம் நடலாமேன்னு கேட்டாரு. வேணாம். அமெரிக்காவுல ஃபுளோரிடாக் கரையில அலங்காரத்துக்குன்னு இதே தக்கடவக் கொண்டு போயி வச்சி, இப்ப அது அங்க உள்ள சொந்தச் செடியோட எடத்தப் பிடிச்சிடுச்சி. அந்தச் சொந்தச் செடியும் ஒரு ஸ்கேவோலாதான், கறுப்புக் காய்க்காரன். ஒரு எடத்துல மண்ணக் காக்குறவன் இன்னொரு எடத்துல அடாவடிக்காரன். நம்ம மலையில அது பரவுற பயம் இல்ல, ஒரு குச்சிய உயிரோட வைக்கவே எனக்கு வக்கில்ல.

2023 டிசம்பர் 10

ரெண்டாவது ஆட்டம். மச்சான் நாலு குச்சி கொண்டு வந்தாரு. இந்தத் தடவை நான் தொடல. அம்மா முப்பது வருஷம் தோட்டத்து நர்சரியில தேயிலைக் குச்சி நட்ட கை. என் சட்டியப் பாத்துட்டு, "இதுல நட்டா அரளியே சாகும்டா"ன்னு சொல்லிட்டு அதுவே உக்காந்துடுச்சி.

முதல்ல வெட்டின முனைய ஒரு நாள் நிழல்ல காய விட்டுச்சி. பால் மாதிரி ஒண்ணும் வரல, ஆனா தண்டு நல்ல சதைப்பிடிப்பு, பச்சையா நட்டா அழுகும்னு சொல்லுச்சி. தேயிலைக் குச்சிக்கு நேர் மாறு, அது வாடவே கூடாது, வெட்டின கையோட தண்ணியில போட்டு உடனே நடணும். அப்புறம் பொலித்தீன் பை, அடியில ஆறேழு ஓட்டை, முக்கால் பங்கு மணல். கடைசியா ஒரு சிட்டிகை டொலமைட், மண்ணோட புளிப்பக் கொறைக்கிற சுண்ணாம்புக்கல் தூள்.

டொலமைட் எதுக்குன்னு கேட்டேன். தேயிலைக்குப் புளிச்ச மண்ணுதான் பிடிக்கும், அமிலக் கணக்கு (pH) நாலரையில இருந்து அஞ்சரைக்குள்ள. ரொம்பப் புளிச்சிப் போனா கவ்வாத்து வெட்டுறப்ப டொலமைட் போடுவாங்க. கடற்கரை மணல்ல பாதி சிப்பியும் சங்கும் நொறுங்கினது, சுண்ணாம்பு. தேயிலை மண்ணுல தக்கடவ வச்சது, ரசத்துல மீன வளத்த மாதிரி. மே மாசம் நான் போட்ட தோட்டத்து மண்ணு அதுதான். மழை மேல பழி போட்டேன், ஜூலை 16 ல எழுதினத அரைவாசியா எடுத்துக்கோங்க.

பை நாலும் அடுப்படிப் புகைபோக்கிச் சுவரோரமா, கூரைக்கடியில. அக்கா மகனுக்கு அந்தப் பக்கம் போகத் தடை.

2024 ஜனவரி 14

பொங்கலுக்கு மொத நாள். எழுத வேண்டியது இருக்கு, கொஞ்சம் பொறுத்துப் படிங்க.

தோட்டத்துக்கு மேல, தேயிலை முடிஞ்சி மானாப்புல் தொடங்குற எடத்துக்கு கோலத்துக்குன்னு சாணி எடுக்கப் போனேன். அங்க ஆள் உயரத்துக்கு மேல ஒரு செடி, ஒத்தத் தண்டு, இலை புகையிலை மாதிரி நீளமா, உச்சியில முழ நீளத்துக்குப் பூக்கொத்து. காட்டுப்புகையிலை. சின்ன வயசுல இருந்து பாக்குறது. தண்டு உள்ள ஓட்டை, காஞ்சத வெட்டி ஊதுவோம், தூள் மூக்குல ஏறி தும்மித் தும்மிச் சாவோம், அம்மா அடிக்கும். (சும்மா அடிக்கல, அது விஷச் செடி. பிள்ளைகளுக்கு வெட்டிக் குடுக்காதீங்க.)

இத்தனை வருஷத்துல அந்தப் பூவ ஒரு தடவையும் உத்துப் பாத்ததில்ல. இன்னைக்குப் பாத்தேன். வெள்ளைப் பூ. முதுகுல வெட்டு. எல்லா இதழும் ஒரு பக்கமா தொங்குது. வெட்டுக்குள்ள இருந்து ஒரு காம்பு எழும்பிக் கழுத்த வளச்சிக்கிட்டு நிக்குது.

சாணிக் கூடைய அங்கயே வச்சிட்டேன்.

கடையத் திறந்து லூப்புல பாத்தேன், பொங்கல் சாமான் வாங்க அம்மா அனுப்பின காச மறந்துட்டு. இங்க கிண்ணம் இல்ல. மகரந்தப் பை அஞ்சும் ஒட்டிக்கிட்டு சாம்பல் கலர்ல ஒரு குழாய், அதுக்குள்ள சூல்தண்டு சிரிஞ்ச் தண்டு மாதிரி மேல ஏறி மகரந்தத்த நுனியால தள்ளுது. தூள் தீந்தாப் பிறகு ரெண்டா விரிஞ்சி வாங்குது. மொதல்ல குடுக்கும், அப்புறம் வாங்கும். தக்கட பண்ற அதே வேலை, சாமான் மட்டும் வேற.

பேரப் பாத்தேன். லொபேலியா நிகோசியானிஃபோலியா. லொபேலியா! 1788 ல அந்த ஜெர்மன்காரர் கடற்கரைத் தக்கடவுக்கு வச்சாரே, அதே பேரு.

மலைப் பாதி நம்ம லயத்துக்கு மேலயே நின்னிருக்கு.

2024 ஜனவரி 15

பொங்கல் வாழ்த்துகள். நேத்து எழுதினது கொஞ்சம் ஓவர்.

ராத்திரி பூரா படிச்சதுல, ரெண்டும் ஒரே குடும்பம் இல்ல. தூரத்துச் சொந்தம், சூரியகாந்தியும் அந்தச் சொந்தத்துலதான் வருது, அப்ப எவ்வளவு தூரம்னு பாத்துக்கோங்க. ராக்ஸ்பரோ மாத்தினது சரிதான்.

இன்னொண்ணு. காட்டுப்புகையிலையோட மொட்டு வளருறப்ப காம்பு முறுக்கிக்கிட்டு பூ தலைகீழாத் திரும்பிடுது. காலையில பனியோட போயி மொட்டையும் விரிஞ்ச பூவையும் பக்கத்துல வச்சிப் பாத்தேன், காம்புல முறுக்கு தெரியுது, துணி பிழிஞ்ச மாதிரி. அப்ப நமக்கு முதுகாத் தெரியுறது அதுக்கு அசல்ல வயிறு. தக்கட அப்படித் திரும்புறதில்ல, அதோட வெட்டு அசல் முதுகுல. ஒருத்தன் முதுகக் கிழிச்சான், ஒருத்தன் வயித்தக் கிழிச்சிட்டுக் குப்புறப் படுத்தான். பாக்க ஒண்ணு, வந்த வழி வேற.

அதனால கிழிச்ச பூவோட மத்தப் பாதின்னு நேத்து குதிச்சத வாபஸ் வாங்குறேன். வாங்கினாலும் மனசு அந்தப் பக்கம்தான் போகுது.

2024 ஜனவரி 28

போட்டோவக் குடும்ப வாட்ஸ்அப்புல போட்டேன். பாத்துட்டு கோத்தகிரியில இருந்து பெரியம்மா மகள், எனக்கு அக்கா முறை, பதிலுக்கு ஒரு போட்டோ போட்டுச்சி. தேயிலைக்கு மேல புல்லு, புல்லுக்குள்ள இதே செடி, இதே பூ. "எங்க வீட்டுக்குப் பின்னாடிடா தம்பி, காட்டுப்பொகல"ன்னு. ரெண்டு போட்டோவுல எது எங்க எடுத்ததுன்னு அம்மாகிட்ட கேட்டேன், பிழையாச் சொல்லுச்சி.

தெரியாதவங்களுக்கு: 1964 ல இந்தியா, இலங்கை ரெண்டு அரசாங்கமும் உக்காந்து எங்க மலையகத் தோட்டத்துச் சனத்தப் பிரிச்சாங்க, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்க. மிச்சம் நின்ன 1,50,000 பேர 1974 ல சரிபாதி, 75,000 அங்க, 75,000 இங்க. பெரியம்மா குடும்பம் அங்க, எங்க குடும்பம் இங்க. ஹட்டன் ஸ்டேஷன்ல கோச்சி கிளம்புறப்ப அம்மாவுக்குப் பத்து வயசாம், பெரியம்மா ஜன்னல் வழியா ஒரு பிஸ்கட் பக்கெட்ட நீட்டுச்சாம், கை எட்டல, தண்டவாளத்துல விழுந்துச்சாம். இன்னமும் அந்தப் பிஸ்கட்டப் பத்தித்தான் பேசும், மத்தது ஒண்ணும் பேசாது.

தலைமன்னார்ல கப்பல் ஏறி ராமேஸ்வரம். மன்னார் வளைகுடாவுல அந்தப் பக்கத்துத் தீவுகள்லயும் தக்கட உண்டு. காய் மிதந்து போகும், பாஸ்போட் கேக்க ஆள் இல்ல.

சரி, செடிக்கு வருவோம், இழை எங்கயோ போகுது.

2024 பெப்ரவரி 18

பண்டாரவளை அக்கா போட்டோ போட்டிருக்காங்க, எல்லாரும் பாத்திருப்பீங்க. பூத்திருக்கு. கடல் மட்டத்துல இருந்து 1,200 மீட்டருக்கு மேல, மாட்டுக் கொட்டிலுக்குப் பக்கத்துல, பழைய பெயின்ட் வாளியில, அஞ்சு விரல நீட்டிக்கிட்டு. பத்து மாசம். என்ன மண்ணுன்னு கேட்டேன், வீடு கட்டி மிஞ்சின மணலும் இடிச்ச சுவத்துச் சாந்தும்னு சொன்னாங்க. சாந்துல சுண்ணாம்பு! அவங்க ஒண்ணும் படிக்கல, வாளியில கெடந்ததுல நட்டிருக்காங்க. நான் லூப் வச்சி, லத்தீன் படிச்சி, ஆறு குச்சியக் கொன்னேன்.

"பாதிப் பூன்னு சொல்லாதீங்க தம்பி, நீங்கதான் அஞ்சு இதழ் எண்ணச் சொன்னீங்க"ன்னு ஒரு குட்டும் வச்சிருக்காங்க. ஏத்துக்கிறேன்.

2024 மார்ச் 24

என் பக்கம்: நாலு பையில ரெண்டு அழுகல, ரெண்டுக்கும் வேர் பொலித்தீன் ஓரத்துல வெள்ளையாத் தெரியுது. ஒண்ணுல நாலு இலை, இன்னொண்ணுல ஆறு. இலைக் கக்கத்துல பஞ்சு மாதிரி வெள்ளை ரோமம் இருக்கும், அதுவும் வந்திருக்கு, அப்ப அசல் ஆள்தான்.

ஹோர்லிக்ஸ் போத்தல்ல மூணு கொட்டை இன்னும் மிதக்குது, பத்து மாசம் ஆச்சு. ஒண்ணு எப்படிக் காணாமப் போச்சுன்னு அக்கா மகனத்தான் கேக்கணும்.

மேல நின்ன காட்டுப்புகையிலை விதை போட்டுட்டுக் காஞ்சி நிக்குது. விதை தூள் மாதிரி, ஊதினாப் பறக்கும், மூக்குக்குத் துணி கட்டிக்கிட்டுக் கொஞ்சம் உதிர்த்தேன். பண்டாரவளை அக்கா கேட்டிருக்காங்க, தக்கட வாளிக்குப் பக்கத்துல தூவப் போறாங்களாம். ஹட்டன்ல இருந்து தபால்ல போட்டுடுறேன் அக்கா, ஆனா பிரிக்கிறப்ப தும்முவீங்க, வெளிய வச்சிப் பிரிங்க.

2024 ஏப்ரல் 21

மழை வரப் போகுதுன்னு அம்மா பை ரெண்டையும் அடுப்படிக்கு உள்ள, ஜன்னல் திண்டுல ஏத்திட்டுச்சி. வெயில் பத்தாதேன்னு சொன்னேன். "வெயில் இல்லன்னா பூக்காது, ஈரம் பட்டா இருக்கவே இருக்காது, உனக்கு எது வேணும்?"னு கேட்டுட்டு டீக்குத் தண்ணி வச்சிடுச்சி.

ஆறு இலைப் பை இப்ப எட்டு.